'புதுசு மாதிரி' 70-200 லென்ஸ்: நான்கு மூலையையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

செகண்ட் ஹேண்டில் 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் (2.8 என்பது அதன் முழுத் திறப்பு, எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்) தேடுபவர்கள் கவனத்துக்கு. "புதுசு மாதிரி, ஒரு கீறல் கிடையாது" என்று சொல்லி விற்ற ஒரு லென்ஸின் கதை இது. கீறல் இல்லாதது உண்மைதான். ஆனால் 200 மி.மீ., 2.8-ல் வைத்தால் படத்தின் வலது மேல் மூலை கலங்கிப் போகிறது, இடது கீழ் மூலை பளிச்சென்று இருக்கிறது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. முன்பக்க ஃபில்டர் மரையில் ஒரு நெளிவு. அது தெரியாதபடி யூவி ஃபில்டரை முறுக்கி வைத்திருந்தார்கள். கேமராவில் மாட்டும் வளையமான மவுன்ட்டின் திருகுகளில் இரண்டின் தலை தேய்ந்திருந்தது. விழுந்த லென்ஸை யாரோ திறந்து நோண்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. விற்றவரைக் கேட்டால், "படம் பார்த்துத்தானே வாங்கினீங்க?"

விற்கும் முன் அவர் காட்டிய அந்தப் படங்களில்தான் சூட்சுமமே. எல்லாம் எஃப் 8, நடுவில் ஒரு முகம், போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தவை. எஃப் 8-ல் இந்தக் கோளாறு பெருமளவு அடங்கிவிடும். முகப் படத்தில் மூலைகள் எப்படியும் மங்கல்தான், யாருக்குத் தெரியும்?

நேரில் பார்க்கும்போது ட்ரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்து, 2 விநாடி டைமர் போடுங்கள். 200 மி.மீ., 2.8, ரா (கேமரா செயலாக்காத மூலக் கோப்பு). பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எழுத்துள்ள ஒரு அட்டை. அதே அட்டையை ஃப்ரேமின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் லைவ் வியூவில் பெரிதாக்கி, அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். செங்கல் சுவரை எடுத்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். கேமரா இம்மி சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கி, பழி லென்ஸ் மேல் விழும். உச்சி வெயிலில் தூரத்துக் கட்டடமும் வேண்டாம், கானல் அலையே படத்தைக் கெடுத்துவிடும். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அது அந்த மாடலின் சுபாவம். ஒன்று மட்டும் கெட்டால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் லென்ஸ்களில் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) மூடியே இருக்கும், பின்னாலுள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளினால் திறக்கும். நூல் நூலாக ஓடினால் பூஞ்சை. பால் படிந்தது போலிருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும். நாலைந்து தூசுக்கு விலை பேசாதீர்கள், அது படத்தில் வராது.

கேனானின் ஈஎஃப் மவுன்ட் லென்ஸ் என்றால் 2.8-ல் மட்டும் எடுத்துப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அப்பர்ச்சருக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் (மெல்லிய பட்டைக் கம்பி) பழுதாகியிருந்தால் முழுத் திறப்பில் ஒழுங்காக வேலை செய்யும், 5.6-க்கு மூடியதும் கேமரா 'எர்ர் 01' என்று பிழை காட்டும். குலுக்கினால் கடகடவென்பது பல ஸ்டெபிலைசர் லென்ஸ்களில் சகஜம். ஷட்டரை அரை அழுத்தியதும் காட்சி நிற்காமல் துள்ளினால்தான் கோளாறு.

"சர்வீஸில் சரிபண்ணிக்கலாம்" என்பார்கள். மையம் திருத்த அதற்கான சோதனைக் கருவி வேண்டும். திருகு கழற்றத் தெரிந்த எல்லோரிடமும் அது இருக்காது. அப்படிச் சுலபம் என்றால் விற்பவரே சரிபண்ணிவிட்டு விற்கட்டும்.