நம்மள மாதிரி ஆளா, நமக்கு நேர் எதிரான ஆளா?

சித்தி பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்காங்க. போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "அண்ணே, நம்மள மாதிரியே இருக்கற பொண்ணு நல்லதா, இல்ல வேற மாதிரி இருந்தாத்தான் சலிக்காம இருக்குமா"ன்னு கேட்டான். ரெண்டுமே எங்க குடும்பத்துல இருக்கு. நாங்க இருக்கறது பர்மாவுல, நான் யாங்கோன்ல (பழைய ரங்கூன்) எங்க தமிழ் ஆளுங்களுக்குள்ளயே கட்டினேன், கூடப்பிறந்த அண்ணன் பர்மாக்காரப் பொண்ணை, பௌத்தக் குடும்பம், விரும்பிக் கட்டினார். என் சாய்வை இப்பவே சொல்லிடறேன், நம்மள மாதிரி ஆள்தான்.

எதிரும் எதிரும் தான் சேரும்னு ஊர்ல சொல்றாங்க, ஆனா கணக்கு அப்படி வரல. 2023ல கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரங்க நூறு வருஷத்து ஆய்வுகளைச் சேர்த்து வச்சு 22 விஷயங்களைப் பாத்தாங்க. படிப்பு, சாமி நம்பிக்கை, அரசியல் கருத்து, குடி சிகரெட் இதுலயெல்லாம் ஜோடிங்க நல்லாவே ஒத்துப் போறாங்க. உயரத்துல கொஞ்சம் தான். கலகலன்னு பேசறவங்க யாரைக் கட்டறாங்கங்கறது கிட்டத்தட்ட காசு சுண்டிப் போட்ட மாதிரி. பிரிட்டன் ஜோடிங்க கணக்குல மட்டும், விடியக்காலைல எழறவங்களும் ராத்திரி முழிக்கறவங்களும் சேர்றது லேசா தெரிஞ்சுது. எங்க வீடு அதுதான். நான் 4 மணிக்கு எழுந்துடுவேன், அவ கரண்ட் வர்ற நேரம் பாத்து நடுராத்திரி வரைக்கும் தையல் மிஷின்ல உக்காந்திருப்பா. அதனால ஒரு சண்டையும் வந்ததில்ல.

சரி, ஏன் ஒத்தவங்களா சேர்றாங்க? மனசு தேடிப் பிடிக்குதுங்கறது பாதி தான், மீதி யாரு கண்ணுல படறாங்கங்கறது. 1932ல வெளியான ஒரு ஆய்வுல, அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா ஊர்ல 5,000 கல்யாண லைசென்ஸை எடுத்து வீட்டு அட்ரஸ் பாத்தா மூணுல ஒரு ஜோடி அஞ்சு பிளாக்குக்குள்ளயே குடியிருந்தவங்க. எங்க கதையும் அதே தான், அனோரத்தா ரோட்டு காளி கோயில், நம்ம ஆளுங்க 1871ல கட்டினது, அங்க வெள்ளிக்கிழமை பூ கட்டற திண்ணையில தான் அவளைப் பாத்தேன். அந்தத் திண்ணைக்கு வர்றவங்க ஏற்கனவே ஒரே பாஷை, ஒரே சாமி, ஏறக்குறைய ஒரே வருமானம். நான் தேர்ந்தெடுத்தேன்னு நினைச்சுக்கிட்டேன், முக்கால்வாசி அந்தத் திண்ணையே தேர்ந்தெடுத்து வச்சிருந்துச்சு.

கட்டினப்புறம் போகப்போக ஒத்துப்போயிடும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதுல எனக்கு நம்பிக்கை குறைஞ்சுடுச்சு. 2010ல 1,296 ஜோடிங்களை வச்சு அமெரிக்காவுல பாத்தாங்க, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் குணம் ஒண்ணு போல ஆகல. கோபம் சண்டைக் குணம் மட்டும் விதிவிலக்கு, அதுல ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் மாறுறாங்க. அப்ப எதைக் கொண்டு வர்றோமோ அதோட தான் குடும்பம்.

வேற மாதிரி ஆளுக்கும் நல்லது இருக்கு. 1995ல ஸ்விட்சர்லாந்து பெர்ன் நகரத்துல ஆம்பளைங்க போட்ட டி-ஷர்ட்டை மோந்து பாக்கச் சொன்னப்ப, நோய் எதிர்ப்பு ஜீன் தங்களோடதுலருந்து மாறுபட்டவங்க வாசனை தான் கருத்தடை மாத்திரை சாப்பிடாத பொண்ணுங்களுக்குப் பிடிச்சுது, பின்னாடி செஞ்ச ஆய்வுங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லல. அண்ணன் வீட்டுல ஏப்ரல்ல பர்மாக்காரங்க புது வருஷத் தண்ணித் திருவிழாவும் சித்திரை ஒண்ணும் சேர்ந்தே வரும், பிள்ளைங்களுக்கு அவ்வளவு குஷி. பையனுக்குப் பிறந்த முடி எடுத்து மொட்டை போட்டாங்க, அப்புறம் ஷின்பியூ, அதாவது பௌத்தப் பசங்களைக் கொஞ்ச நாளைக்குத் துறவியாக்கற சடங்கு, பண்ணி மறுபடி தலைய மழிச்சாங்க, ரெண்டுக்கும் ரெண்டு பாட்டிங்களும் முன்வரிசைல நின்னாங்க. இது என் வீட்டுல கிடைக்காது. இப்ப கட்டறதா இருந்தா ஒண்ணு, பௌத்தப் பொண்ணை வேற மதத்து ஆள் கட்ட 2015 சட்டப்படி டவுன்ஷிப்ல மனு போடணும், 14 நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்க.

ஆனா எனக்கு முடிவு பண்ணினது பராமரிப்பு. ஒரு குடும்பத்த தினம் தினம் நடத்தற செலவு பணம் இல்ல, விளக்கம் சொல்ற வேலை. எங்க அம்மா திதி அமாவாசைல வரும். அன்னைக்குக் காலைல நான் எழும்போதே என் வீட்டுக்காரி வாழைக்காய் நறுக்கி வச்சிருப்பா, வெங்காயம் பூண்டு இல்லாம எல்லாம் ரெடி, நான் வாயே திறக்க வேண்டாம். அண்ணி எங்க அம்மாவை உசிரா வச்சிருந்தவங்க, வருஷா வருஷம் தேதி கேட்டுக் குறிச்சு வச்சுக்குவாங்க. ஒரு வருஷம் அண்ணன் வேலைத் தொல்லைல சொல்ல மறந்துட்டார். மதியம் வந்தா நாப்பி, பர்மாக்காரங்க மீனையோ இறாலையோ புளிக்க வச்சுப் பண்ற விழுது, வறுத்து வச்சிருக்காங்க. அவர் ஒண்ணும் சொல்லாம தயிர் ஊத்திச் சாப்பிட்டிருக்கார், பாதிச் சோத்துல தான் அண்ணிக்குப் புரிஞ்சுது, அடுப்படிலயே உக்காந்து அழுதுட்டாங்க. யார் மேலயும் தப்பில்ல. களைச்சுப் போன நாள்லயும் ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும், அது ஓயாத வேலை.

தம்பிகிட்ட அதனால குணப் பொருத்தத்த விடு, சாமி, காசு, சாப்பாடு இந்த மூணுலயும் உன் வீட்டுக்குக் கிட்ட இருக்காளான்னு பாருன்னு சொன்னேன். எனக்குக் கல்யாணமாகி 9 வருஷம் தான், வயசான காலத்துல இந்த ஒத்துமை எப்படி இருக்கும்னு சொல்ல எனக்கு அனுபவம் பத்தாது.

என் பொண்ணுக்கு 6 வயசு. மாடிப்படில பக்கத்து வீட்டு பர்மாப் பிள்ளைங்களோட தான் நாள் பூரா விளையாட்டு, சண்டை போடறதே பர்மாவுல தான். அவளுக்கு அந்தப் படிக்கட்டு தான் திண்ணை. நாளைக்கு அவ யாரைக் கூட்டிட்டு வந்தாலும், அமாவாசைக்கு அடுப்புல எது ஏறக்கூடாதுன்னு நானே உக்காந்து சொல்லிக்குடுப்பேன்.