பில்லுக்கு ரெண்டு தாள்: கப்ஸ் பிரிண்ட் சர்வரில் பேனர் பக்கத்தோடு ஏழு வருடம்

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்கு 2018-ல் பிரிண்ட் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான சென்டோஸ் 6, அதில் அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் கப்ஸ் மென்பொருள், மூன்று லேசர் பிரிண்டர். பில் போடும் மென்பொருள் மட்டும் பழைய யூனிக்ஸ் மெஷின் ஒன்றில் ஓடியது. முதல் நாள் மதியமே கேஷில் உட்கார்ந்திருந்த அக்கா கூப்பிட்டார்: "தம்பி, ஒரு பில்லு அடிச்சா ரெண்டு தாள் வருது, என்னன்னு பாருங்க."

வந்தது பேனர் பக்கம். அச்சு வேலையின் எண், யார் அனுப்பியது, எந்த மெஷினிலிருந்து என்று அச்சடித்த ஒரு முழு ஏ4 தாள். அந்தக் கடையில் நாளுக்கு நூற்றிருபது பில் போகும். நாலு நாளைக்கு ஒரு ரீம் (ஐந்நூறு) தாள் இந்தப் பக்கத்துக்கே போய்விடும். போதாததற்கு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர்க் காற்றில் பிரித்து வைத்த ரீம் ஒரே ராத்திரியில் ஈரம் இழுத்து ஓரம் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட தாளில் தேவையில்லாத ஒவ்வொரு பக்கமும் இன்னொரு முறை சிக்குவதற்கு வழி.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பிரவுசரில் கப்ஸின் அமைப்புப் பக்கம் இருக்கும் 631 போர்ட்டைத் திறந்து, பிரிண்டரின் இயல்பு அமைப்புகளில் தொடக்க பேனர், முடிவு பேனர் இரண்டையும் 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைத்தேன். சர்வரிலிருந்து சோதனைப் பக்கம் அனுப்பினேன், ஒரே தாள் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அதே போன்.

அடுத்து, கப்ஸ் தன் பிரிண்டர் அமைப்புகளை எழுதி வைக்கும் பிரிண்டர்ஸ்.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்த்தேன். பேனரைக் குறிக்கும் ஜாப்ஷீட்ஸ் வரியில் 'நன் நன்' என்று சரியாகவே இருந்தது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். அது தன் நினைவில் வைத்திருப்பதைத் திரும்ப எழுதும்போது நம் திருத்தம் காணாமல் போய்விடும். வேறு ஒரு திருத்தத்தை நான் அப்படி ரெண்டு தடவை இழந்திருக்கிறேன். சர்வீஸை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள், இல்லையென்றால் கப்ஸின் அமைப்பை மாற்றும் எல்பிஅட்மின் கட்டளையையே பயன்படுத்துங்கள்.

வழி காட்டியது கப்ஸ் எழுதும் நடவடிக்கைப் பதிவான லாக்தான். லாக் அளவை 'இன்ஃபோ' என்று உயர்த்தினால், கப்ஸ் ஒரு வேலைக்குத் தொடக்க பேனர் சேர்க்கும்போது அதை எர்ரர் லாகில் வேலை எண்ணோடு ஒரு வரியாக எழுதும். இயல்பான 'வார்ன்' அளவில் அந்த வரி வராது. அளவைக் கூட்டிவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். சர்வரிலிருந்து அனுப்பிய வேலைகளுக்கு அந்த வரி இல்லை. யூனிக்ஸ் மெஷினிலிருந்து 515 போர்ட் வழியாக வந்த ஒவ்வொரு வேலைக்கும் இருந்தது.

515 போர்ட்டில் ஓடுவது, மெஷினிலிருந்து மெஷினுக்கு அச்சு வேலை அனுப்பும் பழைய எல்பிடி நெறிமுறை. 1990-ல் வந்த ஆர்எஃப்சி 1179 என்ற நெறிமுறை ஆவணத்தில் எழுதியிருக்கிறபடி, இதில் ஒவ்வொரு வேலையோடும் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு வரும். அதில் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும் வரி இருந்தால் பேனர் போடு என்று அர்த்தம். அந்த யூனிக்ஸில் அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கட்டளை, 'மைனஸ் ஹெச்' கொடுத்துத் தடுக்காதவரை, அந்த வரியைத் தானாகவே சேர்த்துவிடும். கப்ஸ் பக்கத்தில் அதை வாங்கிக்கொள்கிற கப்ஸ்-எல்பிடி, கியூவில் (பிரிண்டருக்கான வேலை வரிசையில்) 'நன்' என்று இருந்தாலும் அனுப்பியவர் பேனர் கேட்டிருக்கிறார் என்று 'ஸ்டாண்டர்ட்' பேனரைப் போடும். நான் கியூவைத் திருத்தத் திருத்த அது அசையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். கப்ஸ் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது.

பில் மென்பொருளுக்குள் எல்பிஆர் கட்டளை பதிந்து கிடந்தது, அதை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. அதனால், வேலை வரும்போது சர்வீஸ்களை எழுப்பும் எக்ஸ்இனெட்டியில் கப்ஸ்-எல்பிடியைத் தொடங்கும் இடத்திலேயே 'மைனஸ் ஓ ஜாப்-ஷீட்ஸ்=நன்' என்று சேர்த்தேன். அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் 'எல்' வரி வந்தாலும் அது கண்டுகொள்ளாது. அன்று சாயங்காலம் வரை பார்த்தேன், பில்லுக்கு ஒரு தாள்தான்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் வேறொரு அலுவலகத்தில் இதே புகார், ஆனால் லாகில் அந்த வரியே இல்லை. தாளும் வேறு மாதிரி இருந்தது, பயனர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். அப்படியென்றால் கப்ஸ் போடவில்லை, பிரிண்டரே போடுகிறது. எல்பிஸ்டாட் கட்டளையில் 'மைனஸ் வி' கொடுத்து கியூவின் முகவரியைப் பார்த்தால், எல்பிடி முகவரியின் வாலில் 'பேனர்=ஆன்' என்று யாரோ எப்போதோ ஒட்டியிருக்கிறார்கள். எல்பிடியை விட்டு, தரவை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பும் 9100 போர்ட் சாக்கெட் முகவரியாக மாற்றினேன், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. லாகை முதலில் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டதால்தான் அந்தப் பத்து நிமிஷம்.

இவ்வளவு சொன்னாலும் பேனர் பக்கத்தை எல்லா இடத்திலும் ஒழிக்க வேண்டும் என்பது என் கருத்து இல்லை. மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்துக்கொள்கிற ஒரு தணிக்கை அலுவலகத்தில், செப்டம்பர் 30 நெருங்கும்போது எட்டுப் பிள்ளைகள் ஒரே பிரிண்டருக்கு அறிக்கைகளை அனுப்புவார்கள். ஒருவரின் ஐந்தொகை இன்னொருவரின் கோப்பில் போய்ச் சேர்ந்து, வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் நல்லவேளையாகக் கண்ணில் பட்டது. அங்கே அந்த ஒரு கியூவுக்கு மட்டும் 'ஸ்டாண்டர்ட், நன்' என்று வைத்தேன். முன்னால் ஒரு பக்கம், பின்னால் எதுவும் இல்லை. அந்தத் தாளுக்கு ஆகிற செலவு நியாயமான செலவு.

2020 கடைசியில் சென்டோஸ் 6-க்கான ஆதரவு முடிந்ததும் மருந்துக் கடை சர்வரை 7-க்கு மாற்றினேன். மறுநாள் காலை பேனர் திரும்ப வந்து நின்றது. புதியதில் கப்ஸ்-எல்பிடியைத் தொடங்குவது சிஸ்டம்டி என்ற வேறொரு சர்வீஸ் நிர்வாகி, நான் எழுதிய எக்ஸ்இனெட்டி வரியை அது பார்ப்பதே இல்லை. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொண்டு சர்வீஸ் கோப்புக்கு மேல் ஒரு திருத்தம் வைத்தேன். அதில், எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட்டை முதலில் வெறுமையாக ஒரு வரி எழுதி, அப்புறம் புதிய கட்டளையை எழுத வேண்டும். இல்லையென்றால் சர்வீஸ் எழும்பாது. இப்போது அந்த ரெண்டு வரியையும் ஒரு தாளில் எழுதி சர்வர் மேஜையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். திருத்தம் வைத்த மறுநாள் கடை திறந்து முதல் பில் அடித்ததும் அக்கா போன் போட்டார்: "ஒரே தாள்தான் தம்பி."