புது கேம், பழைய லேப்டாப்: யார் கேட்பது நியாயம்?

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை, கோயில் இருக்கிறது, சாமி இல்லை, ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் நல்ல மழை பெய்தால் ஓடத்தான் செய்கிறது. காட்பாடி ஹாஸ்டல்களுக்காக அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: கேம் இருக்கிறது, ஓட்ட கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

என் அக்கா மகன் காட்பாடியில்தான் இன்ஜினியரிங் படிக்கிறான். கையில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு போட்ட லேப்டாப், 4 ஜிபி வீடியோ மெமரி. புது ட்ரெய்லர் வந்தால் போதும், போன் வந்துவிடும். "இன்னா மாமா, மினிமமே 2060 சூப்பர் கேக்கறான்! நம்மள மாதிரி ஆளுங்க ஆடவே கூடாதா?" மினிமம் என்றால் கேம் ஓடக் கம்பெனி சொல்லும் குறைந்தபட்சத் தேவை, 2060 சூப்பர் அவனுடையதைவிடப் பலமான கார்டு. கோபம் புரிகிறது. ஆனால் எல்லா கேம் மேலும் ஒரே கோபத்தைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதிகம் கேட்கிற கேம்களில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, கேட்டதற்கு ஈடாக எதையாவது கையில் கொடுக்கும். இன்னொன்று, கம்பெனி முடிக்காமல் விட்ட வேலையை உங்கள் கார்டின் தலையில் கட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

டூமும் க்ரைசிஸும்

2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரே ட்ரேசிங் (வெளிச்சம் எப்படிப் பாயும் என்று ஆடும்போதே கணக்குப் போடுவது) வசதி உள்ள கார்டு இல்லாவிட்டால் ஓடாது. மினிமம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அதற்கு முன், 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிளும் அதே கார்டைத்தான் கேட்டது. 2016இல் வந்த டூம் ஜிடிஎக்ஸ் 670க்கே ஒத்துக்கொண்டது என்பது ஞாபகம் இருப்பவர்களுக்கு, இது கொழுப்பு என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் வருடக் கணக்கைப் பாருங்கள். 2060 சூப்பர் வந்தது 2019 ஜூலையில். புது டூம் வந்தபோது அந்தக் கார்டுக்கு வயது ஏறக்குறைய ஆறு. 2007இல் வந்து எல்லோருடைய கம்ப்யூட்டரையும் மண்டியிட வைத்த க்ரைசிஸ், மினிமமாகக் கேட்டது ஜிஃபோர்ஸ் 6800 ஜிடி. அது 2004இல் வந்தது. அதாவது அன்றைக்கு மூன்று வருடப் பழைய கார்டே கடைசி எல்லை. இன்றைக்கு ஆறு வருடக் கார்டையும் உள்ளே விடுகிறார்கள். வயதை மட்டும் வைத்துப் பேசினால், இந்தக் காலத்து கேம்தான் தாராளம்.

சரி, ரே ட்ரேசிங்கைக் கட்டாயமாக்கினால் என்ன லாபம்? பழைய முறையில், ஒரு அறையில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே படியும் என்பதை ஸ்டுடியோவிலேயே முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் படமாகச் சேமித்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு சுவரை ஓரடி நகர்த்தினால் மறுபடி கணக்கு, மறுபடி காத்திருப்பு. சேமித்த படங்களும் ஹார்ட் டிஸ்க்கைத் தின்னும். ரே ட்ரேசிங் எல்லோரிடமும் இருக்கும் என்று தைரியமாக எடுத்துக்கொண்டால் அந்த வேலை போகிறது. வெளிச்சம் ஆடும்போதே கணக்காகிறது. உடைந்த சுவர் வழியே வெயில் உள்ளே வருகிறது. இன்னொன்று முக்கியம்: இண்டியானா ஜோன்ஸின் மினிமம் அட்டவணையில் 1080பி (ஃபுல் ஹெச்டி படம்), 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃப்ரேம்), அதுவும் அப்ஸ்கேலிங் (சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்குவது) இல்லாத நேர் ரெசல்யூஷனில் என்று எழுதியிருந்தார்கள். கேட்டது பெரிசு, ஆனால் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. இதை நான் நியாயம் என்பேன்.

மருமகனுக்கு இதில் ஒரு கசப்பு மிச்சம் இருக்கிறது. அவனுடைய 1650ம் அதே 2019இல் அறிமுகமான கார்டுதான். ஆனால் அதில் ரே ட்ரேசிங் கோர் வைக்கவில்லை. அந்தக் கார்டைப் போட்டு அதற்கப்புறமும் பல வருடம் 'கேமிங் லேப்டாப்' என்று விற்றார்கள். அவன் திட்ட வேண்டியது டூம் செய்தவர்களை விட, அந்த ஸ்டிக்கர் ஒட்டியவர்களைத்தான்.

ஒரே மாதம், இரண்டு கேம்

2025 பிப்ரவரியில் மூன்று வார இடைவெளியில் இரண்டு பெரிய கேம்கள் வந்தன. முதலில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2. மாதக் கடைசியில் மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ். முதலாவது மினிமமாகக் கேட்டது ஜிடிஎக்ஸ் 1060. இரண்டாவது ஜிடிஎக்ஸ் 1660. இரண்டுக்கும் 16 ஜிபி ராம். அட்டவணையை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தவனுக்குத்தான் விஷயம் புரிந்தது. வைல்ட்ஸின் மினிமத்தில் 30 எஃப்பிஎஸ், அதுவும் 720பி படத்தை இழுத்து 1080பி ஆக்கி. அதைவிடப் பெரிசு அதன் ரெக்கமண்டட் வரி: 1080பி, 60 எஃப்பிஎஸ், ஃப்ரேம் ஜெனரேஷன் போட்ட நிலையில். ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது கேம் உண்மையில் வரைந்த இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் ஒன்றைக் கார்டே ஊகித்துச் செருகுவது. கண்ணுக்கு 60 தெரியும், விரலுக்கு 30தான். பட்டனை அமுக்கினதும் வாள் சுழல்வதற்கு ஆகும் நேரம் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். இந்த வசதியைத் தரும் கார்டு கம்பெனிகளில் ஒன்றான ஏஎம்டியே, முதலில் 60 எஃப்பிஎஸ் வந்த பிறகு இதைப் போடுங்கள் என்கிறது. 60ஐத் தொடுவதற்கே அதை ஊன்றுகோலாக்குவது, ஓட்டத்தில் பாதியைப் பேப்பரில் ஓடுவது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ரிவ்யூக்கள் கிழிகிழியென்று கிழித்ததில் ஆச்சரியம் இல்லை.

கிங்டம் கம் பக்கம் வாருங்கள். பொஹீமியாவின் காடு, வயல், குட்டன்பெர்க் என்று ஒரு முழு நகரம். வெளிச்சம் பிரமாதம், ஆனால் ரே ட்ரேசிங் கார்டு கட்டாயமில்லை. வேறு மாதிரிக் கணக்குப் போட்டு அதே விளைவைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இது ஓடுவது க்ரைஎன்ஜின் என்ற கேம் இன்ஜினில், அதாவது கேமுக்கு அடித்தளமான சாஃப்ட்வேரில். க்ரைசிஸை ஓட்டிய அதே பரம்பரை! மருமகனின் 1650 மினிமத்துக்கும் கீழேதான். இருந்தாலும் எல்லாவற்றையும் லோவில் வைத்து, எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலிங்கையும் போட்டால், குதிரையில் ஏறி ஊர் சுற்றும் அளவுக்கு ஓடுகிறது. கோட்டை முற்றுகையில் திணறுகிறது, அதை அவனே ஒத்துக்கொள்கிறான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கார்டின் பெயரைப் பார்த்து கேமை எடை போட முடியாது என்பதுதான். எந்த ரெசல்யூஷன், எத்தனை எஃப்பிஎஸ், அப்ஸ்கேலிங் உண்டா, ஃப்ரேம் ஜெனரேஷன் உண்டா? இந்த நான்கையும் சொல்லாத அட்டவணை வெறும் விளம்பரம்.

பார்டர்லேண்ட்ஸ் 4, பேட்டில்ஃபீல்ட் 6 இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் 2025 செப்டம்பர், அக்டோபரில் வந்தவை. முதலாவது, காமிக்ஸ் கோடு போட்ட உலகத்துக்கு ஆர்டிஎக்ஸ் 2070 மினிமம், ரெக்கமண்டட் 3080, 32 ஜிபி ராம் என்று கேட்டது. கேட்டதைக் கொடுத்தவர்களும் நடு நடுவே திக்குகிறது என்றார்கள். இரண்டாவதைச் செய்தவர்கள், வேகம்தான் முக்கியம் என்று ரே ட்ரேசிங்கையே வைக்கவில்லை. கட்டடம் இடிந்து விழும்போதும் 2060இல் ஆட முடிந்தது. புது இன்ஜின் என்றாலே கனமாகத்தான் இருக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஜோடியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

150 ஜிபி எங்கே போனது?

கார்டைவிட எனக்கு அதிக எரிச்சல் தருவது ஸ்டோரேஜ். ஹெல்டைவர்ஸ் 2 பிசியில் 150 ஜிபியைத் தாண்டி நின்றது. கன்சோலில் அதே கேம் அதில் கால் பங்குதான். காரணம் கேட்டால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஆடுபவர்களுக்காக ஒரே ஃபைலைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பதித்து வைத்திருக்கிறோம், தேடுகிற நேரம் மிச்சமாகும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2025 டிசம்பரில் அந்த நகல்களை எல்லாம் எடுத்துவிட்டு 23 ஜிபியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஆடுபவர்களுக்குக் கூடிய நேரம் சில விநாடிகள்தான். லோடிங் நேரத்தில் பெரும்பகுதி மேப்பை உருவாக்குவதில் போகிறதாம், டிஸ்க்கைப் படிப்பதில் இல்லையாம். இதை அவர்களே பிற்பாடு சொன்னார்கள். ஆக, இத்தனை நாள் 150 ஜிபி கேட்டது, தங்கள் சொந்த கேமை அளந்து பார்க்காமல் போட்ட ஒரு கணக்கின் பேரில்.

ஹாஸ்டல் வைஃபையில் இரவெல்லாம் டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்குபவனுக்கும், 512 ஜிபி எஸ்எஸ்டியில் ப்ராஜெக்ட் ஃபைலை அழித்து இடம் செய்பவனுக்கும் அந்த 130 ஜிபி என்ன பாடு என்பது ஸ்வீடனில் உட்கார்ந்து அந்த கேமைச் செய்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நம்ம ஊர் வெயிலில்

அட்டவணை எதிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில், மதியம் மூன்று மணிக்கு ஆடிப் பாருங்கள். வெளியே 40ஐத் தாண்டிவிட்டது. சத்துவாச்சாரி வீட்டுக்கு லீவில் வந்திருந்தபோது மருமகன் செய்ததைச் சொல்கிறேன்: லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு இரண்டு பழைய செமஸ்டர் கைடுகளை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, தனக்குக் காற்று இல்லாமல் வியர்வையில் நனைந்துகொண்டே ஆடினான். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும். பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஃப்பிஎஸ் சரியும், டபிள்யூ கீயில் விரல் வைக்க முடியாது. அதே லேப்டாப் மார்கழியில் அதே கேமை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். ஏசி அறையில் அளந்த மினிமம் நமக்கு மினிமம் ஆகாது. ஒரு படி மேலே வைத்துத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப் வாங்குபவர்கள் பெயரை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரே பெயர், ஆனால் லேப்டாப்பைப் பொறுத்து 35 வாட்டிலும் வரும், 80 வாட்டிலும் வரும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுமா? கடையில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

கோபத்துக்கு நிஜக் காரணம்

கேம் வளர்ந்ததைவிடக் கார்டு சந்தைதான் நம்மைக் கைவிட்டது என்று நினைக்கிறேன். 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது அமெரிக்காவில் 249 டாலர், 6 ஜிபி. ஏழு வருடம் கழித்து ஆர்டிஎக்ஸ் 4060: 299 டாலர், 8 ஜிபி. 2025இல் 5060: மறுபடி 299, மறுபடி 8. நடுவில் 3060க்கு 12 ஜிபி கொடுத்துவிட்டுப் பின்வாங்கியதும் நடந்தது. இங்கே வந்து சேரும்போது ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிவிட்டது. போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. 32 ஜிபி கேட்கிற கேம் நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறது!

அப்படியானால் 1650காரர்கள் என்ன செய்வது? புது லேப்டாப் என்றால் எண்பதாயிரம், லட்சம். அது படிப்புக்கும் வேண்டும் என்றால் சரி, வெறும் டூமுக்காக என்றால் வேண்டாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் காட்பாடியில் காலை ரயில் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டைப் (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) பார்த்து வாங்கிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். போவதற்கு முன் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5 2025இல் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. டூம், இண்டியானா ஜோன்ஸ் இரண்டும் அதில் உண்டு, ஓடுமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் டிஸ்கவுன்ட் சேலில் ஸ்டீம் கொடுக்கும் விலை அங்கே வராது. விளையாட்டு மட்டும்தான் தேவை என்றால் நான் கன்சோலைத்தான் சொல்வேன். அக்காவிடம் அதைச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கில்லை.

ஓடுமா என்ற சந்தேகத்தில் வாங்காமல் காத்திருப்பவர்கள் ஸ்டீமின் ரீஃபண்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். ஒரு எச்சரிக்கை. சில கேம்கள் முதல் தடவை திறந்ததும் ஷேடர் (படம் வரையக் கார்டுக்குத் தேவையான சின்ன ப்ரோக்ராம்கள்) தயார் செய்கிறேன் என்று உட்கார்ந்துவிடும். அந்த நேரமும் இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும். 2023இல் த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது இதிலேயே பலருக்கு நேரம் போய்விட்டது.

கேம் கம்பெனிகள் எல்லோருமே ராக்ஸ்டார் ஜிடிஏ 5க்குச் செய்ததைச் செய்யலாம். 2025 மார்ச்சில் ரே ட்ரேசிங்கோடு என்ஹான்ஸ்ட் பதிப்பை விட்டார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு இலவசம். பழைய பதிப்பையும் எடுக்கவில்லை, லெகசி என்று பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். மருமகன் லெகசியில் இருக்கிறான். அவன் ரூம்மேட்டிடம் 4060 இருக்கிறது, அவன் என்ஹான்ஸ்ட். ஆன்லைனில் இரண்டு பேரும் ஒன்றாக ஆட முடியாது என்பதுதான் இப்போது அவர்கள் சண்டை.