கட்டை விரலுக்கு எட்டாத மூலை

என்னிடம் இருக்கும் 6.7 இன்ச் போனின் விலை இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சில வருடங்களாக இதைப் புழங்கிவருகிறவன் என்பதால் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கேமரா, பிராசசர் விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும், அதற்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் படிக்க இவ்வளவு சுகமான போன் இதற்கு முன் என்னிடம் இருந்ததில்லை. நம் சொற்கள் நீளம். ‘எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ மாதிரி ஒன்று வந்தால் சின்னத் திரையில் கிட்டத்தட்ட ஒரு வரியே போய்விடும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதுவும் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும். இதில் எழுத்தளவைக் கூட்டிய பிறகும் வரிக்கு மூன்று நான்கு சொற்கள் நிற்கின்றன. நீண்ட கட்டுரைகளைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கிறேன். பிடிஎஃப் பக்கத்தை இங்கும் அங்கும் இழுக்க வேண்டியதில்லை. உடம்பு பெரிது, அதனால் உள்ளே இருக்கும் பேட்டரியும் பெரிது. சார்ஜ் இரவு வரை தாராளமாக நிற்கிறது. இதற்காக எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஆனால் மேல் இடது மூலை இருக்கிறதே, அதுதான் என் தினசரி எரிச்சல்.

வலது கையில் போன், இடது கையில் பை. தேடுவதற்கான குறியோ மெனுவோ அந்த மூலையில் இருக்கிறது. கட்டை விரல் எட்டாது. சுண்டு விரலைக் கீழே முட்டுக் கொடுத்து, மற்ற விரல்களைத் தளர்த்தி, போனை உள்ளங்கையில் கீழே நழுவவிட்டு மூலையைத் தொட வேண்டும். பிடி விடுகிற அந்த ஒரு நொடியில்தான் போன் விழுகிறது. டிஸ்பிளேயை மாற்ற நேர்ந்தது அப்படி விழுந்ததால்தான். சுண்டு விரலில் போனின் விளிம்பு பதிந்த தடம் மாலை வரை இருக்கும்.

கோபத்தில் எல்லாப் பழியையும் திரை அளவின் மேல் போட்டுவிடவும் முடியாது. 2014இல் வந்த ஐபோன் 6 பிளஸ் 5.5 இன்ச், அகலம் 77.8 மில்லிமீட்டர். 2023இல் வந்த ஐபோன் 15 புரோ மேக்ஸ் 6.7 இன்ச், அகலம் 76.7 மில்லிமீட்டர்தான். உயரத்திலும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரே வித்தியாசம். அதாவது போன் பெரிதாகவில்லை, திரை விளிம்பு வரை பரவியிருக்கிறது. முன்பு மேலும் கீழும் வெற்றிடம் இருந்தது, விரல் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை. இப்போது அந்த இடத்திலும் தொட வேண்டிய குறிகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

திரையின் மேல் பாதியை விரலுக்கு எட்டும்படி கீழே இறக்கும் வசதி எதற்கு இருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு முறையும் இறக்கித் தொடுவது இன்னொரு வேலை. 2021இல் ஐபோனின் பிரவுசரான சஃபாரி தன் முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுவந்தது. அதுதான் சரியான வழி. இன்னும் எத்தனையோ ஆப்கள் மேல் மூலையை விட்டு நகரவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, சின்னதாக வாங்கலாம் என்றால் எங்கே இருக்கிறது? 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 இன்ச்சில் வந்தபோது இவ்வளவு பெரிய போனா என்று கேட்டவர்கள் அதிகம். பத்து வருடம் கழித்து 5.4 இன்ச் ஐபோன் 13க்கு ‘மினி’ என்று பெயர். அகலம் 64.2 மில்லிமீட்டர், உண்மையிலேயே கைக்கு அடக்கமான போன். அடுத்த வருடமே புது மினி வரவில்லை, அந்த இடத்துக்கு 6.7 இன்ச் ஐபோன் 14 பிளஸ் வந்தது. ஆசுஸின் ‘சென்போன் 10’ திரை 5.9 இன்ச், அதற்கு அடுத்து வந்த ‘சென்போன் 11 அல்ட்ரா’ 6.78 இன்ச். படம் பார்ப்பதும் ஆபீஸ் வேலையும் போனிலேயே நடக்கும்போது பெரிய திரையைத்தான் பலரும் கேட்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் சின்னது வேண்டும் என்பவனுக்கும் நல்ல கேமராவோடு ஒன்றாவது தொடர்ந்து வர வேண்டாமா?

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பாராட்டிவிட்டு ஏன் என்றார். படிப்பது நாளில் கொஞ்ச நேரம், கையில் பிடித்திருப்பது நாள் முழுக்க. அவர் கை என்னுடையதைவிடப் பெரியதுதான், அப்படியும் என் பதில் மாறவில்லை.

எதை வாங்கினாலும் இன்ச் கணக்கை விட்டுவிட்டு அகலத்தையும் எடையையும் பாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்த போன் பெரும்பாலும் கேபிளில் கட்டியிருக்கும், அதில் எடை சரியாகத் தெரியாது. தெரிந்தவர் யாரிடமாவது அதே போன் இருந்தால் கவரோடு வாங்கி, ஒரே கையில் பிடித்து, சுண்டு விரலை நகர்த்தாமல் எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பணம் கட்டலாம்.