கப்பியா, நியானா? தொட்டிக்குள் ஒரு தலைக்கணக்கு

80 லிட்டர் மீன் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் என்ற பாசி. இதில் யாரைக் குடிவைப்பது என்று யோசித்தபோது முன்னால் இருந்தவை இரண்டு கூட்டங்கள். ஒன்று கப்பி, பிளாட்டி, மாலி என்று குட்டி போடும் வகை. இன்னொன்று நடுவில் நீந்த நியான் டெட்ரா, அடியில் மேயக் கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி. முதல் கூட்டத்தில் கப்பியை ஒன்றரை வருஷம் வளர்த்துவிட்டு இரண்டாவதுக்கு மாறினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

"சண்டை போடுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இந்த இரண்டிலும் அந்தக் கவலை கிடையாது, சாதுவான மீன்கள். டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடிக்கும், வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கும், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிற சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். இந்த மூன்று மீனையும் கூடச் சேர்க்காமல் இருந்தால் சரி. அழகிலும் சண்டையில்லை. கப்பியின் வாலுக்கு ஈடு கப்பியின் வால்தான்.

என்னை மாற வைத்தது எண்ணிக்கை. 2 ஆண், 4 பெண் என்று ஆறு கப்பியோடு ஆரம்பித்தேன். ஒரு மாதம் போயிருக்கும், ஒருநாள் காலை ஃபில்டருக்குப் பின்னால் இரண்டு கரும்புள்ளி மிதந்தது. தூசி என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை கண்கள். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் கண் மட்டும்தான் முதலில் தெரிகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவது முறை யாரையும் கூப்பிடவில்லை.

ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும், ஒரு தடவைக்கு இருபது, முப்பது சாதாரணம். பெரிய மீன்கள் தின்றதுபோகப் பாசிக்குள் ஒளிந்தவை பிழைத்துவிடும். ஆண்களைப் பிரித்தாலும் உடனே நிற்காது. பெண் கப்பி விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மீன் கூடக் கூடத் தீனி கூடும், கழிவு கூடும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும். அந்த நைட்ரேட்டை வெளியேற்றுவது நம் வாளி. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றியவன், வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற ஆரம்பித்தேன். அப்படியும் நைட்ரேட்டை அளக்கும் டெஸ்ட் கிட்டின் நிறம், அதிகம் என்று காட்டும் சிவப்பைவிட்டு இறங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் கப்பி கொடுத்தேன். கடைசியில் என்னைப் பார்த்தாலே பேச்சை மாற்றினார்கள்.

நியானில் இந்தத் தொல்லை இல்லை. முட்டை போடுகிற இனம். முட்டை பொரிய மிக மென்மையான, லேசான அமிலத் தண்ணீரும் இருட்டும் வேண்டும். பலவகை மீன் இருக்கும் தொட்டியில் அது நடப்பது அபூர்வம், முட்டை விழுந்தாலும் யாராவது தின்றுவிடுவார்கள். பத்து வாங்கினால் பத்துதான். கோரியும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டும் கூட்டமாக வாழ்பவை என்பதால் ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும். தரை மணலாக இருக்கட்டும், கூர்மையான கல்லில் கிளறினால் கோரியின் மீசை தேய்ந்துவிடும். கோரி திடீரென்று அம்பு மாதிரி மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். முதல் நாள் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று பதறினேன். குடலாலும் சுவாசிக்கிற மீன் அது, எப்போதாவது அப்படிச் செய்வது அதன் வழக்கம்.

நியானின் குறையையும் சொல்ல வேண்டும். புதுத் தொட்டி அதற்கு ஆகாது. ஃபில்டரில் பாக்டீரியா குடியேறிப் பல வாரம் ஆன தொட்டியில் விட்டும் முதல் வாரத்தில் மூன்றை இழந்தேன். அப்புறம் தண்ணீர். காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கெட்டியாகப் படிகிறது என்றால் உங்களுடையது கடின நீர், அதில் கப்பியும் மாலியும்தான் சுகமாக இருக்கும். என் தண்ணீர் நடுத்தரம், அதனால் தப்பித்தேன். ஆண் கப்பிகளை மட்டும் வைத்தால் பெருகாதே என்பார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் நான் வைத்துப் பார்த்தது இரண்டே மாதம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது தொட்டியில் ஏழு நியான், ஆறு கோரி, ஒரு கப்பி. பழைய பாசியைக் கழுவிப் போட்டபோது அதில் ஒளிந்து வந்த குட்டி அது. வாலில் நிறம் ஏறி ஆண் என்று தெரியும்வரை தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.