நிலாவெளி எப்போது "நிலாவௌி" ஆகிறது: திருகோணமலை அச்சு வேலையில் திறந்த மூல மென்பொருள், நீண்டகாலப் பாவனை அனுபவம்

கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், 31ஆம் நாள் நினைவு மலர், ரியூஷன் வினாத்தாள், கலியாணக் கார்ட். திருகோணமலையில் ஒரு சிறிய தட்டச்சு, அச்சுக் கடைக்கு வரும் வேலை இவ்வளவுதான். இதற்கு இன்னும் பல இடங்களில் ஓடுவது கிராக் செய்த விண்டோஸ், பேஜ்மேக்கர் 7, கோரல்ட்ரோ ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இந்தப் பகிர்வு அதே வேலையை லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம்), லிப்ரே ஒபிஸ் (எழுத்து வேலைக்கான அலுவலகத் தொகுப்பு), ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு) ஆகிய திறந்த மூல மென்பொருள்களில் வருடக்கணக்காகச் செய்து பார்த்ததைப் பற்றியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத்து வேலைக்கு முழுத் திருப்தி. நான்கு வர்ண வேலைக்கு ஸ்கிரைபஸ் தெரிந்த ஆள் வேண்டும். பழைய கோப்புகளைக் கொண்டுவருவதுதான் உண்மையான செலவு.

கணினியிலிருந்து தொடங்குவோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலி. நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரம், 240 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு பழைய பெட்டியில் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும். 4 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரும் ஸ்கிரைபஸும் ஒன்றாகத் திறந்தால் திணறும்.

அடுத்து அடிக்கடி நடக்கும் வாக்குவாதம். "திறந்த மூலம் என்றால் இலவசம், தனியுரிமை என்றால் காசு" என்பதே கடைத்தெருக் கணக்கு. அது பிழை. டபிள்யூபிஎஸ் ஒபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பைக் காசில்லாமல் இறக்கலாம், ஆனால் அது தனியுரிமை மென்பொருள்: மூல நிரல் நம் கையில் இல்லை, மாற்றிப் பிறருக்குக் கொடுக்க அனுமதியும் இல்லை. மறுபக்கம், ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள மென்பொருளை விலைக்கு விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நிரலைக் கண்ணால் பார்க்க முடிந்தாலே திறந்த மூலம் என்பதும் சரியல்ல. மொங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2018இல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியபோது நிரல் பகிரங்கமாகவே இருந்தது. ஆனாலும் அந்த உரிமத்தை, திறந்த மூல உரிமங்களை அங்கீகரிக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்கவில்லை. பார்க்கலாமா, எவ்வளவு விலை என்பவை இரண்டாம் பட்சம். யாரிடமும் கேட்காமல் பாவிக்கவும் மாற்றவும் பகிரவும் முடியுமா என்பதே கேள்வி.

கிராக் கொப்பியும் இந்த விவாதத்தில் "இலவசம்" என்ற பக்கத்தில் நுழைந்துவிடுகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள், கிராக் செய்தவர் உள்ளே எதை வைத்திருக்கிறார் என்று தெரியாத கணினியில்தான் ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகள் ஸ்கான் ஆகின்றன.

ஜிபிஎல் பற்றிக் கடைக்காரர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு உரிமத்திலேயே பதில் உண்டு. வெறுமனே ஓட்டுவதற்கு உரிமத்தை ஏற்கத் தேவையில்லை (மூன்றாம் பதிப்பு, 9ஆம் பிரிவு). ஜிபிஎல் மென்பொருளில் செய்த கார்டோ மலரோ ஜிபிஎல் ஆகிவிடாது. ஸ்கிரைபஸின் உரிமம் அதில் செய்த வேலையின் உரிமையைத் தொடாது. ஆனால் பழைய கணினிகளில் லினக்ஸ் ஏற்றி விற்பவர், பென்டிரைவில் பதிந்து விற்பவர் கவனிக்க வேண்டும். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில், வியாபாரமாகக் கொப்பி கொடுப்பவர் மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது குறைந்தது 3 வருடம் செல்லுபடியாகும் எழுத்து வாக்குறுதி தர வேண்டும். மற்றவர் தந்த வாக்குறுதியை அப்படியே கைமாற்றுவது இலாப நோக்கில்லாத விநியோகத்துக்கு மட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகை மூல நிரலையும் தனி வட்டுப் படிமங்களாக வெளியிடுவதால், விற்பவருக்கு அதையே பதிவது சுலபம்.

இனி பாமினி. எங்கள் மட்டில் மிகப் பெரிய தனியுரிமைப் பூட்டு இதுதான், ஒருவரும் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பை. தேடல் வேலை செய்யாது, போனில் வாசிக்க முடியாது. வேர்ட் வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கினால் "க" என்பது "கு" ஆகிவிடும். கோப்பு எந்த மென்பொருளில் இருந்தாலும் கதை ஒன்றுதான்: லிப்ரே ஒபிஸில் பாமினி பாவித்தால் திறந்த மூலத்துக்குள் இருந்துகொண்டே பூட்டப்பட்டிருக்கிறோம்.

விரல் பழக்கத்தையும் சேமிக்கும் முறையையும் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். விண்டோஸில் ஏ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பைத் தெரிவு செய்தால், பழைய விரல் பழக்கத்திலேயே யூனிகோட் (எந்தக் கணினியிலும் போனிலும் வாசிக்கக்கூடிய பொதுக் குறியீடு) வரும். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் விசைப்பலகைத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, இலங்கையின் ரெங்கநாதன் அமைப்பு முதலிய விசை அமைப்புகள் கிடைக்கும். பாமினி அமைப்பு வேண்டுமென்றால் நாமே எழுதலாம். விசைப்பலகைக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். இருக்கும் ஒன்றைக் கொப்பி செய்து, நம் பயனர் அடைவுக்குள் எம்17என்னுக்கான மறை அடைவில் வைத்துத் திருத்தினால் போதும். இடறும் இடம் ஒன்று: பாமினியில் கொம்பு முதலில் அடிக்கப்படும், யூனிகோடில் மெய்யுக்குப் பின் சேமிக்கப்படும். ஆகவே "கெ", "கே", "கை", "கொ", "கோ" ஒவ்வொன்றையும் விசைத் தொடராக, மெய் ஒவ்வொன்றுக்கும் தனி வரியில் எழுத வேண்டும். 18 மெய்யும் கிரந்த எழுத்துகளும் சேர்ந்து நூறு வரியைத் தாண்டும். அலுப்பான வேலை, ஒருதரம்தான். நிரலை மாற்றும் உரிமையால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பழைய கோப்புகளை மாற்றுவதில்தான் தலையிடி. மாற்றிக் கருவிகள் பல உண்டு. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் ஓப்பன்-தமிழ் என்ற பைதன் மொழி நிரலகத்திலும் பாமினி மாற்றி இருக்கிறது. ஆனால் முழுக் கோப்பையும் அள்ளிப் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகும், ஏனென்றால் உள்ளே இரண்டும் ஒரே குறிகள். லிப்ரே ஒபிஸின் "தேடு, மாற்று" பெட்டியில் சொல் எதுவும் போடாமல், வடிவமைப்பில் பாமினி எழுத்துருவை மட்டும் கொடுத்து எல்லாவற்றையும் தெரிவு செய்தால் தமிழ்ப் பகுதி தனியே பிடிபடும். சிங்களம் எஃப்எம் அபயா என்ற பழைய எழுத்துருவில் இருந்தாலும் இதே முறைதான். மும்மொழி அறிவித்தல்களில் ஒவ்வொரு எழுத்துருவையும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

அதன் பிறகு வருவது தலைப்பில் உள்ள பிழை. பாமினியில் "ள" எழுத்துக்கும் "ௌ" குறியின் வலப்பக்கத்துக்கும் ஒரே விசை. கொம்பும் மெய்யும் "ள" உருவும் வந்தால் அது "வெள" என்பதா "வௌ" என்பதா என்று மாற்றி ஊகிக்கத்தான் வேண்டும். தவறாக ஊகித்தால் நிலாவெளி "நிலாவௌி" ஆகும், வெள்ளிக்கிழமை "வௌ்ளிக்கிழமை" ஆகும். கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சரியாகத் தெரிவதால் பிழை திருத்துபவரையும் தாண்டிப் போய்விடும். தேடலில் மட்டும் அகப்படாது. "ௌ" குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ ஒருபோதும் வராது என்பதால் பெரும்பகுதியை இயந்திரமாகத் திருத்தலாம். ஒழுங்குத் தொடர் (சொல்லுக்குப் பதில் வடிவத்தைக் கொண்டு தேடும்) தேடலை இயக்கி, "ௌ" குறியை அடுத்து ி, ீ, ு, ூ, ் வரும் இடங்களில் கொம்பையும் "ள"வையும் பிரித்துப் போடுங்கள். எதிர்ப்பக்கப் பிழை, அதாவது "கௌரி" என்பது "கெளரி" ஆவது, கையால்தான். நினைவு மலரில் பெயர்கள் அதிகம். அங்கே இதை விட்டுவிட்டால் குடும்பத்தாரிடம் பேச்சு வாங்க நேரும்.

எழுத்துரு உரிமத்தையும் பார்க்க வேண்டும். நோட்டோ தமிழ், லோஹித் தமிழ், மீரா இனிமை ஆகிய யூனிகோட் எழுத்துருக்கள் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. அச்சிடலாம், பீடிஎஃப்பில் பதிக்கலாம், வாடிக்கையாளருக்குக் கொப்பி கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனிச்சரக்காக விற்கக் கூடாது. விண்டோஸின் லதா, நிர்மலா இரண்டும் மைக்ரோசொப்டின் தனியுரிமை. லினக்ஸில் அவை இல்லாததால் வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்பில் வரி முறியும் இடம் மாறும். ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு: கலிப்ரிக்கு கார்லிட்டோ, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ் என்று அதே அகலத்தில் செய்த மாற்றுகள் உண்டு.

லிப்ரே ஒபிஸில் முதலில் செய்ய வேண்டியது மொழி அமைப்பில் சிக்கலான எழுத்து அமைப்பை இயக்கித் தமிழைத் தெரிவு செய்வது. பத்திப் பாணியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. ஒன்றை 12 ஆக்கிவிட்டு மற்றது ஏன் மாறவில்லை என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வாடிக்கையாளருக்குத் தருவதெல்லாம் பீடிஎஃப், நாம் வைத்திருப்பது ஓடிடி (லிப்ரே ஒபிஸின் எழுத்துக் கோப்பு). இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமென்றால் ஏற்றுமதியில் கலப்பு பீடிஎஃப் தெரிவு இருக்கிறது: மூலக் கோப்பும் உள்ளேயே பதியும், பிறகு அதையே திறந்து திருத்தலாம். ஓடிடி சேர்ந்த ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006இலிருந்து ஐஎஸ்ஓ (சர்வதேச) தரம் என்பதால் இந்தக் கோப்புகளைத் திறக்க ஒரே கம்பனியை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அப்பாச்சி ஓப்பன் ஒபிஸ் இன்னும் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2010இல் பிரிந்த இரண்டு கிளைகள் இவை. லிப்ரே ஒபிஸின் உரிமம் எம்பிஎல் 2.0, மற்றதன் உரிமம் அப்பாச்சி 2.0. அப்பாச்சி பக்கத்து நிரலை லிப்ரே எடுத்துக்கொள்ளலாம். லிப்ரேயின் நிரலை அந்தப் பக்கம் தன் உரிமத்தை மாற்றாமல் எடுக்க முடியாது. திருத்தங்கள் ஒரு வழிப் பாதையில் போவதற்கு உரிமமே காரணம், புதிதாக ஏற்றுபவர் எதை ஏற்றுவது என்பதும் அதோடு முடிந்துவிடும்.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு வருவோம். அடோபியின் இன்டிசைனே சிஎஸ்6 வரைதான் அவற்றைத் திறக்கும். லிப்ரே ஒபிஸ் ட்ரோ 4.4இலிருந்து திறக்கிறது, கோரல்ட்ரோ கோப்புகளையும் ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு முழுசாக வராது. எழுத்தும் படமும் மீட்கலாம், அவ்வளவே. திரும்ப அச்சிடக்கூடிய மலர்களை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பீடிஎஃப்பாக ஒதுக்குவதே நேரத்துக்கு ஏற்றது.

நான்கு வர்ண வேலையை லிப்ரே ஒபிஸில் செய்யாதீர்கள். அது தரும் பீடிஎஃப்பில் வர்ணங்கள் திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையில் இருக்கும். அங்கே கறுப்பாகத் தெரியும் எழுத்து, பிளேட் (அச்சுத் தகடு) போடும்போது நான்கு மையிலும் பிரிந்து போகலாம். மெஷினில் நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது ஒரு மயிரிழை தவறினாலும் சின்ன எழுத்து நிழல் விழுந்து மங்கும். ஸ்கிரைபஸில் கறுப்பை 0, 0, 0, 100 என்று (கறுப்பு மை மட்டும்) வைத்து, அச்சகத்துக்கான பீடிஎஃப்/எக்ஸ் வகையாக ஏற்றுமதி செய்தால் இது வராது. ஸ்கிரைபஸின் 1.4 தமிழை ஒழுங்காக அடுக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் நிரல் மூலம் அது தீர்ந்திருக்கிறது. குறுகிய பத்திகளில் நீண்ட தமிழ்ச் சொற்களால் வெள்ளை இடைவெளி விழும். மென் இணைப்புக்குறியைக் கையால் வைத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். கோரல்ட்ரோ கோப்பே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிளேட்காரரிடம் வேலை கொடுப்பவர் மாறுவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

பிரிண்டர் கடைசி. எச்பி பிரிண்டர்களை லினக்ஸில் இயக்கும் எச்பிலிப் மென்பொருள் திறந்த மூலம்தான், ஆனால் சில லேசர் மாதிரிகளுக்குத் தனியுரிமைச் செருகு நிரல் ஒன்று கூடுதலாக வேண்டும். அதன் பதிப்பு எச்பிலிப்பின் பதிப்புடன் பொருந்த வேண்டும். மேம்படுத்தல் முடிந்ததும் மறுபடி இறக்கச் சொல்லும், அதற்கு இணையம் தேவை. வாங்கும் முன், செருகு நிரல் கேட்காத, போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள மாதிரியா என்று பாருங்கள். திருவிழா வேலை குவியும் வாரங்களில் மேம்படுத்தலைத் தொடாதீர்கள். தொடத்தான் வேண்டுமென்றால், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டில் ஒரு நிழற்பிரதி எடுத்துவிட்டு, முதல் காரியமாக ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள்.