மலையோரக் காட்டு நிலம்: வெட்டி விற்பதா, மனை போடுவதா, அப்படியே கொடுப்பதா?

மலைக் கிராமத்தை ஒட்டி, மின்கம்பமோ கிணறோ இல்லாமல், மரங்கள் மட்டும் நிற்கும் நிலத்தை விற்க நினைப்பவருக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. மரத்தை முதலில் வெட்டி விற்கச் சொல்வார் ஒருவர். துண்டு போட்டு மனைகளாக விற்கச் சொல்வார் இன்னொருவர். காட்டைக் காடாகவே காப்பாற்றும் அறக்கட்டளைக்குக் கொடுப்பது மூன்றாவது வழி. இருக்கிறபடியே ஒரே கிரயத்தில் ஒருவருக்குக் கொடுப்பது நான்காவது. என் கணிப்பில் பெரும்பாலான நிலங்களுக்கு இந்த நான்காவதுதான் பொருந்தும். வாயில் எச்சில் ஊறவைக்கும் முதல் வழியில்தான் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் அதிகம்.

நிற்கும் மரத்துக்கு ஒரு விலை, அது நிற்கும் மண்ணுக்கு வேறொரு விலை. ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மான் 1849இல் இதற்குச் சூத்திரமே எழுதிவிட்டார். திரும்பத் திரும்ப நட்டு வளர்த்து வெட்டினால் காலமெல்லாம் வரக்கூடிய நிகர வருமானத்தின் இன்றைய மதிப்புதான் காட்டு மண்ணின் விலை என்பது அதன் சாரம். வெட்டி விற்கச் சொல்பவர்கள் மரப் பணத்தோடு இந்த மண் விலையும் முழுசாகக் கைக்கு வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். மலையில் அந்தக் கணக்கு இரண்டு இடங்களில் உதைக்கிறது.

முதல் இடம், மர வியாபாரி கொடுக்கும் விலை. சந்தை விலையிலிருந்து வெட்டுக்கூலி, இழுப்புக்கூலி, லாரி வாடகை எல்லாம் போக மிஞ்சுவதுதான் நிற்கும் மரத்தின் விலை. செங்குத்துச் சரிவில் டிராக்டர் ஏறாது. கம்பிவடம் கட்டித்தான் மரத்தை இறக்க வேண்டும். பாதையும் இல்லையென்றால் நல்ல மரத்துக்குக்கூட அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. அடுத்தது, வெட்டிய பின் கிடக்கும் மண். வெட்டிய மரத்தின் வேர்கள் உடனே போய்விடுவதில்லை. சில ஆண்டுகளில் மக்குகின்றன. புது வேர்கள் பிடிப்பதற்குள் சரிவைக் கட்டிவைத்திருந்த பிடி தளர்கிறது. பெருமழையில் மண் சரிய ஏதுவான காலம் அதுதான். விவரம் தெரிந்த வாங்குபவர் இதற்காகவே விலையைக் குறைப்பார். தெரியாதவரோ மொட்டைச் சரிவைப் பார்த்தவுடன் திரும்பிப் போய்விடுவார்.

காலமும் ஒரு பொருட்டு. மர விலை சரிந்தால் உரிமையாளர் காத்திருக்கலாம், மரம் அதுவரை வளர்ந்துகொண்டிருக்கும். ஆனால் காத்திருப்பதிலும் அபாயம் உண்டு. 2018 அக்டோபர் இறுதியில் வையா புயல் வட இத்தாலியின் மலைக்காடுகளில் 80 லட்சம் கன மீட்டருக்கும் மேலான மரங்களைச் சாய்த்தது. மரம் குவிந்ததும் அங்கே விலை படுத்துவிட்டது. முற்றிய மரம், நல்ல சாலை, ஏறுமுகமான சந்தை மூன்றும் ஒருசேர வாய்த்தவர் வெட்டட்டும். அப்போதும், இடையிடையே சில மரங்களை மட்டும் எடுக்கும் இடைவெட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மனை போடுவதில் ஏக்கருக்கு வரும் தொகை மற்ற எல்லா வழிகளையும்விடப் பெரிது. செலவும் அப்படியே. பாதை, குடிநீர், கழிவுநீர்த் தொட்டிக்கு ஏற்ற மண், மின்சாரம், மனைப்பிரிவு அனுமதி ஆகியவற்றில் ஒன்று தடைபட்டாலும் பிரித்த துண்டுகள் விற்காமல் கிடக்கும். பத்திரத்திலுள்ள பரப்பு, மேலிருந்து பார்க்கும் கிடைப்பரப்பு. 30 பாகைச் சரிவில் ஒரு ஹெக்டேர் என்று எழுதியிருந்தால் காலால் நடக்கும் பரப்பு ஏறக்குறைய 1.15 ஹெக்டேர் வரும். அந்த உபரி வீடு கட்ட உதவாது, தடுப்புச்சுவர் கட்டும் செலவைத்தான் கூட்டும். சாலையோரமாகக் கொஞ்சம் சமதளம் இருந்தால் அதை மட்டும் பிரித்துவிட்டு, மீதியைக் காடாகவே விற்பது ஓரளவு புத்திசாலித்தனம். அப்போதும் பின்நிலத்துக்கான வழியை முன்மனையின் கிரயத்திலேயே ஒதுக்கி எழுதிவிட வேண்டும். மறந்தால், உள்ளே போக வழியில்லாத காடு ஒன்றைச் சொந்தக் கையாலேயே உண்டாக்கியதாகிவிடும்.

அறக்கட்டளை வழியை நான் மதிக்கிறேன், ஆனால் அவசரக்காரர்களுக்குச் சொல்லமாட்டேன். இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் 1895இல் தொடங்கியது. அது போன்ற அமைப்புகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. பாதை இல்லாதது அவர்களுக்குப் பெரிய குறையாகத் தெரியாது. நீரூற்றும் அரிய உயிரினங்களும் இருந்தால் ஆர்வம் கூடும். நிதி திரட்டி முடிவெடுக்கக் காலம் பிடிக்கும், விலையும் மனை விலையாக இருக்காது. காடு தேக்கிவைக்கும் கரியமிலவாயுவுக்கு வரவு பெற்று அதை விற்கும் கார்பன் வரவு ஒப்பந்தத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கலிஃபோர்னியாவின் வனத் திட்டத்தில் கடைசி வரவு வழங்கப்பட்ட பிறகும் 100 ஆண்டுகள் காட்டைக் கண்காணிக்க வேண்டும். விற்க நினைக்கும் நிலத்தின் தலையில் இப்படி ஒரு சுமையை ஏற்றுவானேன்?

இனி, இருக்கிறபடியே விற்பது. இதில் முதலில் கேட்க வேண்டியவர் பக்கத்து நிலத்துக்காரர். அவருக்கு ஏற்கெனவே பாதை இருக்கக்கூடும், எல்லை தெரியும், மரம் தெரியும். பிரான்ஸில் இது சட்டமாகவே இருக்கிறது: 4 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் விற்பனைக்கு வந்தால் அடுத்திருக்கும் காட்டு உரிமையாளர்களுக்கு முன்னுரிமை, விருப்பம் தெரிவிக்க அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இதே வரிசையில் போவது நல்லது. பக்கத்துக்காரர் விலையை அடித்துக் கேட்பார் என்பது உண்மைதான். அதற்கு மருந்து, கையில் இருக்கும் காகிதம். எல்லைக்கல் நட்ட அளவை வரைபடம், பதிவு செய்த பாதை உரிமை, தரைமட்டத்திலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம் அளந்து தயாரித்த மரப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் வெளியாளும் துணிந்து விலை சொல்வார். வெளியாள் ஒருவர் களத்தில் இருந்தால் பக்கத்துக்காரரும் இறங்கி வருவார். மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பாதை உரிமைக்கே செலவழிக்கச் சொல்வேன்.

எந்த வழியானாலும் நிலம் சட்டப்படி காடா என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும். இந்தியாவில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், உரிமை யாருடையதானாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதற்கும், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. தமிழ்நாட்டின் 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் காடு என்றால் வெட்டுவதற்கு மட்டுமல்ல, விற்பதற்கே முன்அனுமதி தேவை. அந்த அனுமதி கைக்கு வரும்வரை யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.